திறக்காத குடுவைக்குள் பச்சை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த அந்தப் பெண் முதலில் சொன்னது, தனக்குக் குடிக்க எதுவும் வேண்டாம் என்பது. அடுத்துச் சொன்னது, வெள்ளிக்கிழமைக்குள் உண்மை தெரியாவிட்டால் தன்னை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பது. மூன்றாவதாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் போட்டு நசுக்கினாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

“வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடுது சார். ஒண்ணு நான் கவனமில்லாதவ, இல்லேன்னா பொய்யா எழுதுறவ. ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணப் போறாங்களாம். எதுவா இருந்தாலும் நான் வெளியே. நாலு வருஷ வேலை சார்!”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அறுபத்தொரு வயது. மருந்துத் தரப் பரிசோதனை அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து, கெட்டுப்போன மருந்துகள் எங்கே எப்படிக் கெட்டன என்று தேடிப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘நிதானம்’ என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து வெளியே ஓடிவரும்போதுகூட விளக்கை அணைத்துவிட்டு வந்தவர் என்று ஒரு கதை உண்டு. அது கதையே இல்லை என்பாள் அவர் மனைவி.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அந்த மனைவியின் தம்பி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். நாள் முழுக்க மற்றவர்களுக்கு பிரேக்கைப் பற்றிப் பாடம் எடுக்கிற மனிதர், தன் வாழ்க்கையில் அப்படி ஒரு சாமான் இருப்பதையே மறந்தவர். அத்தானுக்கு வழக்கு வந்தது என்று தெரிந்தால் பள்ளியைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார்.

“யார் மேல சந்தேகம்? அதைச் சொல்லும்மா முதல்ல” என்றார் மைத்துனர்.

“இருங்க மாப்பிள, என்ன நடந்ததுன்னே தெரியலையே இன்னும்” என்றார் நிதானம்.

அவள் சொன்னாள். அவள் வளர்ப்பது ஆபத்தில்லாத ஒரு பாக்டீரியா. அதற்குள் பச்சையாக ஒளிரும் புரதத்துக்கான ஒரு மரபணுவை வைத்திருக்கிறாள். ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் அதை ஆர்.என்.ஏ. என்ற நகலாக எடுக்க வேண்டும். அந்த நகலின் தலைப்பகுதியில்தான் அவளுடைய நாலு வருடமும் இருக்கிறது.

“அந்தத் தலைப்பகுதி ஒரு சுவிட்சு சார். தானே மடிஞ்சு வளைஞ்சு நடுவுல ஒரு பை மாதிரி வச்சிருக்கும். பாக்டீரியா தயாரிக்கிற ஒரு சின்ன மூலக்கூறு வந்து அந்தப் பைக்குள்ள உட்கார்ந்தா, நகலோட மடிப்பு மாறும். மாறினாத்தான் மிச்சத்தைப் படிக்க முடியும், பச்சை வரும். வரலேன்னா இருட்டுதான். காவலுக்குன்னு தனியா ஒரு புரதம்கூட இல்ல. நகலேதான் காவல்.”

“வேற ஏதாவது மூலக்கூறு ஏமாத்தி உள்ள வந்துட்டா?”

“வராது. கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறதைக்கூட சேர்க்காது. அவ்வளவு கறார்.”

“அப்போ பச்சை தெரிஞ்சா, அந்த மூலக்கூறு உள்ள இருக்குன்னு நம்பலாம்.”

“கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம் சார்.”

நிதானம் தலையை ஆட்டிக்கொண்டார். “அந்த மூலக்கூறு பாக்டீரியாவுக்கு எதுக்கு? நீங்க படிக்கிறதுக்காக அது தயாரிக்காதே.”

“அது ஒரு சமிக்ஞை சார். நீந்திக்கிட்டுத் திரியற பாக்டீரியா, போதும், இங்கேயே எதையாவது பிடிச்சு ஒட்டிக்கலாம்னு முடிவு பண்ணும்போது உள்ளுக்குள்ள இது கூடும். என் சோதனையில அதுக்காகக் காத்திருக்க முடியாதில்ல? அதனால ஒரு ஏற்பாடு. ஒரு வகைச் சர்க்கரையைக் குடுவையில விட்டா, பாக்டீரியா இந்த மூலக்கூறை நிறையத் தயாரிக்கும். சர்க்கரை விட்ட குடுவை பச்சையாகணும். விடாத குடுவை இருட்டா இருக்கணும்.”

“இருட்டா இல்ல.”

“மூணு மாசமா இல்ல! அதுவும் செவ்வாயும் வியாழனும் மட்டும். மத்த நாள்ல ஒழுங்கா இருக்கு. யாரோ சர்க்கரையை ஊத்துறாங்க சார். யாருன்னும் எனக்குத் தெரியும்.”

மைத்துனர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அவள் சொன்னது கூடப் படிக்கும் ஒருவனை. மூன்று சொல்லுக்கு மேல் பேசமாட்டான் என்பதால் அவனுக்கு ‘மௌனி’ என்று பெயர். செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிவரை, அவள் குடுவைகள் இருக்கும் அறையில் அவனுக்கு வேலை. அதே சர்க்கரையை அவனும் பயன்படுத்துகிறான். ஒரு காலத்தில் நல்ல நண்பன். இப்போது மூன்று மாதமாகப் பேச்சு இல்லை.

“அவன்கிட்டக் கேட்டீங்களா?” என்றார் நிதானம்.

“கேட்டா ஒத்துக்குவானா?”

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மூவரும் ஆய்வுக்கூடத்தில் அந்த அறையில் இருந்தார்கள். நீளமான ஒரு கூடத்தை நடுவில் பலகைச் சுவர் வைத்து இரண்டாக்கிய அறை அது. இந்தப் பாதியில் ஒரு மேசை, கழுவும் தொட்டி, துருப்பிடித்துத் திறக்க முடியாத ஒரு ஜன்னல், மூலையில் ஷேக்கர். ஷேக்கர் என்றால், குடுவைகளைச் சூடாக வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குலுக்கும் பழைய இயந்திரம். கடகடவென்று அது போடும் சத்தத்தில் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அந்த இயந்திரத்தில் அவளுடைய குடுவைகள் மட்டும்தான். மறு பாதி அறை, செல்களைப் படம் எடுக்கும் நுண்ணோக்கிக்காரருடையது.

அவள் இரண்டு குடுவைகளைத் தயார் செய்தாள். ஒன்றில் சர்க்கரை விட்டாள்; மற்றதில் விடவில்லை. நிதானம் இரண்டின் வாயிலும் காகித நாடா ஒட்டினார். மூவரும் நாடாவின் மேல் கையெழுத்துப் போட்டார்கள். மௌனியை அன்று நூலகத்திலேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டாகிவிட்டது. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சொல் செலவாகியிருக்கும். அறையைப் பூட்டிச் சாவியை மைத்துனரின் சட்டைப் பையில் போட்டார்கள்.

“சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இந்த வாசலை விட்டு நகரக் கூடாது” என்றார் நிதானம்.

“ஒரு ஈ உள்ள போனா என்னைக் கேளுங்க அத்தான்” என்றார் மைத்துனர்.

முதல் மூன்று மணி நேரம் மனிதர் முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கதவையும் தாண்டி வந்த கடகட சத்தம் மண்டையைக் குடைந்தது. பத்தரை மணிக்குப் பக்கத்துக் கதவிலிருந்து நுண்ணோக்கிக்காரர் எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட, சிரித்த முகமுள்ள மனிதர். “என்னங்க, முக்காலியில உட்கார்ந்து இடுப்பு போயிடும்” என்று சொல்லி, மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். மைத்துனர் நன்றி சொல்லி அதில் சாய்ந்தார்.

அதுதான் தப்பாகிவிட்டது. பதினொன்றரைக்கு மேல் கண் சொக்கியது. ஒரு நிமிடம் என்று நினைத்து இமையை மூடினார். பிறகு கடகடவென்ற சத்தம்தான் அவரைத் திடுக்கென்று எழுப்பியது. மணி நாலு அடித்துச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. சாவி பையில் இருந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. சுற்றிலும் பார்த்தார், யாரும் பார்க்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து கண் இமைக்காதவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். நாடாக்கள் கிழியவில்லை. மூன்று கையெழுத்தும் அப்படியே இருந்தன. அவள் விளக்கை அணைத்துவிட்டு நீல ஒளி விளக்கைக் காட்டினாள். சர்க்கரை விட்ட குடுவை பச்சையாக ஒளிர்ந்தது. சர்க்கரை விடாத குடுவையும் பச்சையாக ஒளிர்ந்தது.

“பார்த்தீங்களா? பார்த்தீங்களா சார்?” என்றாள் அவள்.

“வாசல்ல யாராவது?” என்று நிதானம் மைத்துனரைப் பார்த்தார்.

“ஒருத்தரும் இல்ல அத்தான்” என்றார் மைத்துனர், காது மடல் சூடாக.

அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தான் தூங்கிய நேரத்தில் எவனோ தன் பையிலிருந்தே சாவியை எடுத்து, வேலையை முடித்து, திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நாடாவுக்கு என்ன செய்தான் என்பதுதான் பிடிபடவில்லை. இதை அத்தானிடம் சொல்லவும் வாய் வரவில்லை. சொல்லாவிட்டாலோ அந்தப் பெண்ணின் நாலு வருடம் போகிறது. மாட்டிக்கொண்டு முழிப்பது என்பதன் பொருள் அவருக்கு அன்றுதான் விளங்கியது.

புதன்கிழமை இன்னொரு அடி விழுந்தது. நிதானம் தன் பழைய அலுவலகத்துக்கு அனுப்பியிருந்த, சர்க்கரை விடாத குடுவை நீரின் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை ஒரு துளிகூட இல்லை.

“பாக்டீரியா தின்னிருக்கும் அத்தான்!”

“அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுட்டேன் மாப்பிள. அதால இந்தச் சர்க்கரையைத் தின்ன முடியாதாம். போட்டா போட்டபடி கிடக்குமாம். ஆக யாரும் போடலை.”

“அப்போ அந்த மூலக்கூறையே நேரா ஊத்திட்டான்.”

“வெளியில ஊத்தினா செல்லுக்குள்ள போகாதாம்.”

மைத்துனர் அன்று காலைக்குள் மேலும் மூன்று கருத்துகள் சொன்னார். ஜன்னல் துருவை யாரோ ராவியிருக்கலாம் என்றார். நாடாவை ஆவியில் காட்டி உரித்திருக்கலாம் என்றார். கடைசியாக, பேராசிரியையே தன் மாணவியைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்றார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அவருக்கு ஈடு அவர்தான். ஒவ்வொன்றையும் நிதானம் பொறுமையாகக் கேட்டு, பொறுமையாக உடைத்தார். அந்தப் பொறுமைதான் மைத்துனருக்கு எரிச்சலைக் கிளப்பியது. வீடு பற்றி எரியும்போது இந்த மனிதர் வாளியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே!

அதோடு விட்டாரா நிதானம்? விசாரணைக்கு என்று ஆய்வுக்கூடத்துக்குப் போனவர், பேராசிரியையைப் பார்க்காமல், மௌனியைப் பார்க்காமல், நேரே கண்ணாடிச் சாமான் கழுவும் அக்காவிடம் போய் நின்றார். முழங்கைவரை ரப்பர் உறை போட்ட அந்த அக்கா, கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதிலை ஆரம்பித்துவிட்டார்.

“என்னை யாரு சார் கேக்குறாங்க? புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வந்தாலே எனக்கு வயித்தெரிச்சல். முந்தின நாள் குடுவை வந்து கிடக்கும். அந்தப் பொண்ணு குடுவை இருக்கே, உள்பக்கம் சுத்தி ஒரு வளையம். டீயைக் குடிக்காம வச்சிட்டா கிளாஸ்ல கோடு விழும் பாருங்க, அதே மாதிரி. அலசினா போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்கணும். என் தோள் போச்சு.”

“எல்லாக் குடுவையிலயுமா அக்கா?”

“ரெண்டுலயும்தான். மத்த நாள்ல வர்றது ஒரு அலசலுக்குப் பளிச்சுன்னு ஆயிடும்.”

“எத்தனை நாளா?”

“மூணு மாசம் இருக்கும்.”

நிதானம் அந்த அக்காவுக்கு நன்றி சொன்ன விதத்தைப் பார்த்தால், ஏதோ புதையலைக் கொடுத்துவிட்டதுபோல் இருந்தது. கையில் இருப்பது இரண்டே நாள். இவர் பாத்திரம் தேய்க்கிற கதை கேட்கிறார் என்று மைத்துனர் பல்லைக் கடித்தார்.

திரும்பும் வழியில் நடைபாதைச் சுவரில் நுண்ணோக்கிக்காரர் எடுத்த படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. செல்களின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் தேதி. நிதானம் அங்கேயும் நின்றுவிட்டார். பழைய படங்களில் விளிம்பெல்லாம் கலங்கியிருந்தது. புதிய படங்கள் ஊசியால் கீறியதுபோல் துல்லியமாக இருந்தன.

“புது லென்ஸா சார்?” என்று, வெளியே வந்த நுண்ணோக்கிக்காரரிடம் கேட்டார்.

“அதே பழைய லென்ஸ்தான். மூணு மாசமா நல்லா வருது” என்று பெருமையோடு சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

வியாழக்கிழமை விடியற்காலை நிதானம் அந்தப் பெண்ணிடம் இரண்டு குடுவைகளை வாங்கிக்கொண்டார். இரண்டிலும் ஒரே பாக்டீரியா. இரண்டிலும் சர்க்கரை இல்லை. அவற்றைத் தன் பழைய அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். என்ன செய்யப் போகிறார் என்று கேட்டதற்கு, “பார்ப்போம்” என்றார். மைத்துனருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மாலையில் அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வெடித்துவிட்டார்.

“நாளைக்கு அந்தப் பொண்ணு வெளியே போகப் போறா, நீங்க குடுவையைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்துறீங்க! இதுக்கெல்லாம் காரணம் நான்தான் அத்தான். நான் தூங்கிட்டேன். செவ்வாய்க்கிழமை வாசல்லயே தூங்கிட்டேன். அந்தப் பாழாப்போன நாற்காலி! எவனோ என்னைத் தாண்டி உள்ள போயிருக்கான். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

நிதானம் ஒரு செருப்போடு நின்றார். “எப்போ தூங்கினீங்க?”

“பதினொன்றரை இருக்கும்.”

“எப்போ எழுந்தீங்க?”

“நாலு மணிக்கு. அந்தச் சனியன் பிடிச்ச ஷேக்கர் சத்தத்துல தூக்கிவாரிப் போட்டுச்சு.”

நிதானம் இன்னொரு செருப்பையும் கழற்றினார். அவருடைய முகத்தில் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு வந்தது. “மாப்பிள, இந்த வழக்குல நாம ரெண்டு பேரும் செஞ்சதிலேயே உருப்படியான வேலை நீங்க தூங்கினதுதான்” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைத்துனர் அன்றும் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பாதி அறையில் எல்லாரும் கூடினார்கள். பேராசிரியையும் குழுவின் இரண்டு பேரும் மேசையருகே உட்கார்ந்தார்கள். மௌனி சுவரோரம் நின்றான். அந்தப் பெண் அவனிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றாள். நிதானம் கேட்டுக்கொண்டதால் கழுவும் அக்காவும் நுண்ணோக்கிக்காரரும் வந்திருந்தார்கள்.

“சுருக்கமா சொல்லுங்க” என்றார் பேராசிரியை. வெள்ளைச் சட்டையில் பேனா மூன்று செருகியிருந்த, எப்போதும் அடுத்த வேலைக்குக் கிளம்புகிற தோரணையிலேயே இருக்கிற பெண்மணி. “எனக்கு இது பிடிக்கலை. நல்லா வேலை செய்யற பொண்ணுன்னு நினைச்சேன். முடிவு முன்னுக்குப் பின் முரணா இருக்கு. ஒண்ணு கலப்படம், இல்லேன்னா கற்பனை.”

“மூணாவது ஒண்ணும் இருக்கு மேடம். அது உண்மையாவும் இருக்கலாம்” என்றார் நிதானம்.

“போடாத சர்க்கரைக்குப் பச்சை வர்றது உண்மையா?”

“நானும் அங்கதான் ஆரம்பிச்சேன். இந்த ஆர்.என்.ஏ. சுவிட்சு ஏமாறாதுன்னு உங்க மாணவி சொன்னாங்க. சரியான மூலக்கூறு வந்து பைக்குள்ள உட்கார்ந்தாத்தான் மடிப்பு மாறும். எல்லாரும் அதைப் பாடமா படிச்சிருக்கீங்க. ஆனா பச்சை தெரிஞ்சதும் அதை நம்பலை. நான் நம்பினேன். பச்சை தெரிஞ்சா மூலக்கூறு உள்ள இருக்கு. அவ்வளவுதான். சர்க்கரை இல்லைன்னு பரிசோதனை சொல்லுது. நாடா கிழியலை. வெளியில இருந்து ஊத்தினாலும் உள்ள போகாது. அப்போ அதை உள்ள வச்சது யாரு?”

மைத்துனர் மௌனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாக்டீரியாவேதான்” என்றார் நிதானம். “அதுக்குத்தானே அந்த மூலக்கூறை அது வச்சிருக்கு? நீந்துறதை விட்டுட்டு ஒட்டிக்கலாம்னு முடிவு பண்ணும்போது அதுவே தயாரிச்சுக்கும். அப்போ நான் தேட வேண்டியது சர்க்கரை ஊத்தின ஆளை இல்ல. செவ்வாயும் வியாழனும் இது ஏன் ஒட்டிக்க முடிவு பண்ணுச்சுங்கிறதை. ஒட்டினா தடம் இருக்கணுமில்ல? அக்கா, புதன்கிழமை என்கிட்டச் சொன்னதை இவங்ககிட்டச் சொல்லுங்க.”

அக்கா வளையத்தைப் பற்றியும் தன் தோளைப் பற்றியும் சொன்னார். தோளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார்.

“வளையம் கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. குலுங்கிக்கிட்டே இருக்கிற குடுவையில தண்ணி மேலயும் கீழயும் அலையும். கோடு எப்படி விழும்? தண்ணி ஒரே மட்டத்துல ரொம்ப நேரம் நின்னாத்தான் விழும். குலுங்கும்போது ஒட்ட இடம் கொடுக்காது; நின்னா சுவரைப் பிடிச்சுக்கும். ஆக, ஷேக்கர் நின்னிருக்கு.”

“அது நிக்கவே இல்ல சார்!” என்றாள் அந்தப் பெண். “காலைல ஓடும்போது விட்டுட்டு வகுப்பு எடுக்கப் போவேன். அஞ்சு மணிக்கு வரும்போதும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.”

“நடுவுல?”

அவள் ஷேக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

“செவ்வாய்க்கிழமை என் மைத்துனர் வாசல்ல காவல் இருந்தார். கொஞ்சம் கண் அசந்துட்டார்.” மைத்துனர் தரையைப் பார்த்தார். “நாலு மணிக்கு ஷேக்கர் சத்தம் அவரை எழுப்பியிருக்கு. காலைலேர்ந்து இடைவிடாம இருந்த சத்தம்னா அது எப்படி எழுப்பும்? அந்தக் கடகடப்புல யாரால தூங்கத்தான் முடியும்? சத்தம் நின்னது அவருக்கு உறைக்கலை, தூக்கம்தான் வந்துச்சு. அவர் தூங்கினப்போ சத்தமே இல்ல. நாலு மணிக்குத் திரும்ப ஆரம்பிச்சிருக்கு. பழைய இயந்திரம்; கரண்ட் வந்தா தானா ஓடும். யாரும் உள்ள போகலை. போக வேண்டிய தேவையே இல்ல.”

நிதானம் கைகாட்ட, மைத்துனர் விளக்கை அணைத்தார். அதற்காவது தான் பயன்பட்டோமே என்றிருந்தது அவருக்கு. நிதானம் பையிலிருந்து இரண்டு குடுவைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். “ரெண்டும் நேத்து ஒரே சூட்டுல இருந்தது. ரெண்டுலயும் சர்க்கரை இல்ல. ஒண்ணு நாள் முழுக்கக் குலுங்குச்சு. இன்னொண்ணை நடுவுல அஞ்சு மணி நேரம் சும்மா நிக்க வச்சோம்.”

நீல ஒளி விழுந்தது. ஒன்று இருட்டாகவே இருந்தது. மற்றது பச்சையாக ஒளிர்ந்தது. அதன் உள்சுவரில் மெல்லிய ஒரு வளையம் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று தெரிந்தது. குழுவில் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

விளக்கைப் போட்டதும் நிதானம் பலகைச் சுவரைத் தட்டினார். “ஒரே கூடத்தை ரெண்டாக்கினவங்க மின்சாரப் பெட்டியை ரெண்டாக்கலை. அது அந்தப் பக்கம் இருக்கு. குலுங்கற இயந்திரம் பக்கத்துல இருந்தா நுண்ணோக்கிப் படம் கலங்கும். மூணு மாசமா கலங்கலை.”

எல்லாரும் நுண்ணோக்கிக்காரரைப் பார்த்தார்கள். அவருடைய முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குழப்பம்தான் கூடியிருந்தது.

“ஆமா, நான்தான் நிறுத்துவேன்” என்றார். “செவ்வாய், வியாழன், பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும். அது தப்பா? அனுமதி வாங்கித்தானே செஞ்சேன்?”

“யார்கிட்ட?” என்றார் பேராசிரியை, பாதி எழுந்து.

“உங்ககிட்டத்தான் மேடம்.”

நுண்ணோக்கிக்காரர் தன் அறைக்குப் போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். எந்தக் காகிதத்தையும் தூக்கிப்போடாத ஜாதி. உள்ளே அவர் எழுதிய கடிதம் இருந்தது: இந்த இந்த நாட்களில், இந்த நேரத்தில், தங்கள் பக்கத்து ஷேக்கரின் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளலாமா? அடியில் பேராசிரியையின் கையால் ‘சரி’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் இருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி.

பேராசிரியை அதை இரண்டு முறை படித்தார். “மாநாட்டுக்குக் கிளம்புற அன்னிக்கு… ஒரு கட்டுக் காகிதத்துல…” என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான் இருந்திருக்கிறது.

“இவ்வளவு நடந்திருக்கு, நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே சார்!” என்று மைத்துனர் நுண்ணோக்கிக்காரரிடம் பாய்ந்தார்.

“என்னை யாரும் கேக்கலையே” என்றார் அவர். உண்மைதான். யாரும் கேட்கவில்லை.

பேராசிரியை சுதாரித்துக்கொண்டார். அந்தப் பதவிக்கு வந்தவர்களுக்கு அது சீக்கிரம் கைவந்துவிடும். “சரி, இது ஒரு விதத்துல நல்லதுதான்” என்றார். “செயற்கையா தூண்டாமலே சுவிட்சு வேலை செய்யுது, பாக்டீரியா தன் சொந்த சமிக்ஞையை அதுல காட்டுது. இது பெரிய விஷயம். நாம இதை எழுதலாம். நீ திங்கட்கிழமையிலேர்ந்து வழக்கம்போல வாம்மா.”

குழுவின் இருவரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். வேலை நிலைத்துவிட்டது. மைத்துனர் கைதட்டாத குறை. ஆனால் அந்தப் பெண் அசையவில்லை.

“வரேன் மேடம்” என்றாள். “ஆனா மூணு மாசமா என்னைப் பொய் சொல்றவன்னு சொன்னீங்க. என் முகத்துக்கு நேரா சொன்னீங்க. நான் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து என் குறிப்பையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒருவேளை எனக்கே புத்தி பிசகிடுச்சோன்னு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீங்க என் முடிவை நம்பியிருந்தா, காரணத்தைத் தேடியிருப்பீங்க. நீங்க ஆளைத் தேடினீங்க. என்கிட்ட மன்னிப்புக் கேளுங்க மேடம். இங்கேயே, இவங்க முன்னாடியே.”

பேராசிரியை ஒரு பேனாவை எடுத்தார், திரும்பச் செருகினார். கழுவும் அக்கா ஏனோ ரப்பர் உறையைக் கழற்றிக்கொண்டார். பிறகு பேராசிரியை, “தப்பு என்னுதுதான். மன்னிச்சுடும்மா” என்றார். சின்னக் குரலில்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அந்தப் பெண் மூச்சு விட்டாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

“நீயும் கேக்கணும்.”

சுவரோரம் நின்றிருந்த மௌனி சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு வழக்கமான இரண்டு சொல்.

அவள் நின்றுவிட்டாள். மைத்துனருக்குத் தன் காது மடல் மறுபடி சூடானது. இந்த வாரம் முழுக்க அவரும் அவனைத்தான் திருடன் என்று நினைத்திருந்தார். நிதானம் ஜன்னல் பக்கம் திரும்பி, துருவைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

பேராசிரியை மன்னிப்புக் கேட்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாரோ, அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள் அவள். வாயைத் திறந்தபோது வார்த்தைக்கு முன்னால் அழுகை வந்தது. அழுதுகொண்டே, எல்லாருக்கும் முன்னால், கேட்டாள்.